மலையை அறியாத தரநிலை: கொல்லிமலையும் தெற்காசியத் தொலைத்தொடர்பும்

கைப்பேசிக் கட்டமைப்பு ஒன்று கிராமப்புறத்தில் எப்படி வேலை செய்யும் என்று உலகம் கணித்துப் பார்க்கும் முறையில் மூன்று எண்கள் இருக்கின்றன. கோபுரத்தின் உயரம் 35 மீட்டர். சுற்றியுள்ள கட்டடங்களின் சராசரி உயரம் 5 மீட்டர். தெருவின் அகலம் 20 மீட்டர். இவற்றோடு தூரத்தையும் அதிர்வெண்ணையும் சேர்த்தால், கோபுரத்திலிருந்து புறப்பட்ட அலை கைப்பேசியை அடையும்போது எவ்வளவு வலுவிழந்திருக்கும் என்று சூத்திரம் சொல்லிவிடும். ஐந்தாம் தலைமுறைத் தொழில்நுட்பங்களை மதிப்பிட ஐ.நா.வின் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2017-ல் வகுத்த விதிகளில், கிராமத்துக்கான பகுதி இந்த வகைச் சூத்திரத்தின்மேல்தான் நிற்கிறது. கோபுரத்துக்கும் கைப்பேசிக்கும் நடுவே ஒரு மேடு குறுக்கிடுமா, அது எவ்வளவு உயரம் என்று கேட்க அதில் இடமே இல்லை.

நாமக்கல் மாவட்டத்தில் காரவள்ளியைத் தாண்டியதும் 70 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. ஏறி முடித்தால் சோளக்காடு. அப்பால் வட்டத் தலைநகரான செம்மேடு. கடல்மட்டத்திலிருந்து 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொல்லிமலையின் மேற்பரப்பைச் சமதளம் என்று சொல்ல முடியாது. மேடு, பள்ளம், பள்ளத்தில் கொஞ்சம் வயல், மறுபடியும் மேடு என்று மடிந்து மடிந்து போகிறது நிலம். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, சேலூர் நாடு, தின்னனூர் நாடு என ‘நாடு’ என்றே பெயர் முடியும் 14 ஊராட்சிகள் இங்கே உண்டு. மலையாளிப் பழங்குடி மக்களின் சிற்றூர்கள் இந்த மடிப்புகளுக்குள் சிதறிக் கிடக்கின்றன. மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்கள், அவற்றின் நிழலில் காப்பிச் செடிகள், ஊரைச் சுற்றிப் பலா. ஈரம் கோத்த இந்த இலைக்கூட்டம் ரேடியோ அலையை உறிஞ்சிக்கொள்ளும்.

இப்படிப்பட்ட நிலத்தில் மேட்டின் உச்சியில் கோபுரம் நட்டால், அதன் அலை கீழே சமவெளி வரைக்கும் தாராளமாகப் போகும்; ஆனால் அந்த மேட்டுக்கு மறுபுறம் பள்ளத்தில் இருக்கும் ஊருக்கு இறங்காது. மலையின் விளிம்பில் நிற்பவரின் கைப்பேசியோ, எத்தனையோ கிலோமீட்டர் கீழே இருக்கும் சமவெளிக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு தடுமாறும். அறப்பளீசுவரர் கோயிலருகே ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்குகின்றனவே, அந்தப் பள்ளத்தாக்கை மனத்தில் கொண்டுவந்தால் போதும். 35, 5, 20 என்ற எண்கள் அங்கே எதையும் விளக்கப் போவதில்லை.

டவரைத் திட்டமிடும் பொறியாளர் நிலப்படத்தைப் பார்த்துத்தான் இடம் தேர்கிறார் என்பது உண்மை. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமே நிலத்தின் ஏற்ற இறக்கங்களைக் கணக்கில் எடுக்கும் வேறு பரிந்துரைகளை அவருக்குத் தந்திருக்கிறது. ஆனால் அவர் கைக்கு வரும் கருவி, அதற்கு வெகுமுன்பே வடிவமைக்கப்பட்டுவிடுகிறது. எந்தத் தூரத்துக்கு, எவ்வளவு வலுவோடு, எந்த அலைப்பட்டையில் அது பேச வேண்டும் என்பதைத் தரநிலையும், அத்தரநிலையை எழுதும்போது கற்பனை செய்யப்பட்ட ‘கிராமமும்’ தீர்மானித்துவிடுகின்றன. அந்தக் கற்பனைக் கிராமத்தில் மலை இல்லை.

இந்தக் குறையை இந்தியா தனியாகத் தீர்க்க முடியாது, இலங்கையோ நேபாளமோ பூட்டானோ தனியாகத் தீர்க்கவே முடியாது, சேர்ந்தால் முடியும் என்பதே இக்கட்டுரையின் வாதம். அதற்கு முன், அண்டை நாடுகள் கருவிகளின் தரநிலையை ஒத்திசைத்தபோது என்ன கிடைத்தது, ஒத்திசைக்காதபோது என்ன போயிற்று என்று பார்த்துவிட வேண்டும்.

எல்லையில் நின்ற தந்தி

இந்தச் சிக்கல் மின்தந்தியின் வயதுடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பாவில் ஒவ்வொரு நாட்டுத் தந்திக் கம்பியும் அதனதன் எல்லையில் நின்றுவிடும். பிரான்சுக்கும் ஜெர்மானியப் பாடன் அரசுக்கும் இடையே ஸ்ட்ராஸ்பூர்கில் ஒரு பொது நிலையம் இருந்தது. பிரெஞ்சு ஊழியர் தமக்கு வந்த செய்தியைத் தாளில் எழுதி, பக்கத்தில் இருக்கும் பாடன் ஊழியரிடம் நீட்டுவார். அவர் அதை ஜெர்மனில் மாற்றித் தம் கம்பியில் மறுபடி அனுப்புவார். நொடியில் போக வேண்டிய செய்தி மேசையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகக் காத்திருந்தது. இந்தத் தொல்லையைத் தீர்க்கவே 20 நாடுகள் 1865 மே 17 அன்று பாரிசில் கையெழுத்திட்டன. இன்றைய சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பிறப்பு அதுதான்.

கைப்பேசியிலும் அதே கதை. 1981-ல் தொடங்கி ஸ்வீடன், நார்வே, டென்மார்க், பின்லாந்து ஆகிய நான்கும் ஒரே அனலாக் முறையை எடுத்துக்கொண்டன. ஒரு நாட்டுக் கருவி மற்றதில் வேலை செய்தது. மக்கள்தொகை குறைந்த அந்த நாடுகளிலிருந்து எரிக்சனும் நோக்கியாவும் உலகச் சந்தைக்கு வந்ததற்கு இந்தப் பொது வீட்டுச்சந்தை ஒரு முக்கியக் காரணம். அதே காலத்தில் பிரிட்டன், பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி எல்லாம் ஆளுக்கொரு முறையை வைத்திருந்தன. அந்தச் சிதறலிலிருந்து பாடம் கற்று, 1987 செப்டம்பர் 7 அன்று கோபன்ஹேகனில் 13 நாடுகளின் நிறுவனங்கள் ஒப்புக்கொண்டதுதான் ஜிஎஸ்எம்.

தெற்காசியாவில் முதல் கைப்பேசிச் சேவை இலங்கையில், 1989-ல், செல்டெல் நிறுவனத்தின் வழியே தொடங்கியது. பிரிட்டனில் பிறந்த அனலாக் முறை அது. இந்தியாவில் முதல் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று, கல்கத்தாவிலிருந்து முதல்வர் ஜோதிபாசு மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசியது. இந்தியா அனலாக் கட்டத்தைத் தாண்டி நேரே ஜிஎஸ்எம்முக்கு வந்தது. அதே 1995-ல் இலங்கையில் டயலாக் ஜிஎஸ்எம் சேவையைத் தொடங்கியது. இன்று தனுஷ்கோடியில் நிற்பவரின் கைப்பேசியில் இலங்கை நிறுவனத்தின் பெயர் தானாகத் தெரிவதும், கட்டணம் ஏறிவிடுமோ என்று பதறி ரோமிங்கை அணைப்பதும் பலருக்குத் தெரிந்த அனுபவம். சுமார் 30 கிலோமீட்டர் கடலுக்கு அப்பாலிருந்து வரும் அலையை நம் கைப்பேசி புரிந்துகொள்கிறது என்றால், இரு கரைகளும் ஒரே தரநிலையில் இருக்கின்றன என்று பொருள். தூத்துக்குடியையும் கொழும்புக்கருகில் கல்கிசையையும் இணைத்து பிஎஸ்என்எல்லும் ஸ்ரீலங்கா டெலிகாமும் 2006-ல் கடலடிக் கேபிளைப் போட்டபோதும், இரு முனைகளும் ஒரே தரத்தில் பேசியதால் வேலை எளிதாயிற்று.

எல்லாம் இப்படி இணக்கமாக நடந்துவிடவில்லை. அமெரிக்காவில் வளர்ந்த சிடிஎம்ஏ முறையை இந்தியாவில் ரிலையன்சும் டாடாவும், ஊரகத் தொலைபேசிக்காக பிஎஸ்என்எல்லும் கொண்டுவந்தன. இலங்கையிலும் ஸ்ரீலங்கா டெலிகாம், சன்டெல், லங்காபெல் ஆகியவை அதே முறையில் வீட்டு இணைப்புகளைக் கொடுத்தன. அதன் விலை அலைக்கற்றையில் தெரிந்தது. சிடிஎம்ஏ கோபுரங்கள் 869 முதல் 889 மெகாஹெர்ட்ஸ் வரை பேசின. ஐரோப்பிய வழியில் விரிவாக்கப்பட்ட 900 பட்டையிலோ, 880-லிருந்து கைப்பேசிகள் பேச வேண்டும். ஒரு வீட்டு வாசலில் ஒலிபெருக்கியைக் கட்டிவிட்டு அடுத்த வீட்டுத் திண்ணையில் இரகசியம் பேசச் சொன்னதுபோல் ஆயிற்று. இரண்டு திட்டங்களையும் ஒரே நாட்டுக்குள் அனுமதித்ததால், தொலைவு செல்லக்கூடிய நல்ல அலைக்கற்றையில் ஒரு பகுதி ஜிஎஸ்எம்முக்குப் பயன்படாமல் போயிற்று. மலைக்கும் காட்டுக்கும் தேவைப்படுவது அந்தத் தாழ்ந்த அதிர்வெண்கள்தான்.

தனிவழி போன கருவிகள்

ஊருக்கு ஏற்ற கருவியை நாமே செய்துகொள்ளலாமே என்ற எண்ணம் புதிதல்ல, மதிக்கத்தக்கதும்கூட. 1980-90களில் கிராமப் பொதுத் தொலைபேசிகளை ரேடியோ வழியே இணைக்க, எம்.ஏ.ஆர்.ஆர். என்றழைக்கப்பட்ட பல்முனை ரேடியோ அஞ்சல் கருவிகள் நாடெங்கும் வைக்கப்பட்டன. அடிக்கடி பழுதாயின, உதிரிபாகம் கிடைக்காமல் ஊமையாய்க் கிடந்தன. 2002-க்கு முன் வைக்கப்பட்ட அவற்றில் 1.8 லட்சத்துக்கும் மேற்பட்டவற்றை அகற்றிவிட்டு வேறு தொழில்நுட்பத்துக்கு மாற்ற, ஊரகச் சேவைக்கான அரசு நிதியிலிருந்து பணம் ஒதுக்க வேண்டியிருந்தது. உலகில் வேறெங்கும் பெரிதாகப் புழங்காத கருவிக்கு உதிரிபாகச் சந்தை உருவாகாது. சந்தை இல்லாத கருவி முதலில் கைவிடப்படுவது கடைக்கோடி ஊரில்தான்.

சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் டெனெட் குழு, மிடாஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 1990-களின் பிற்பகுதியில் உருவாக்கிய கார்டெக்ட் இன்னும் நுட்பமான முயற்சி. வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் சில நூறு மீட்டர் வேலை செய்யத் திட்டமிடப்பட்ட டெக்ட் என்ற ஐரோப்பியத் தரநிலையை அடிப்படையாகக் கொண்டு, அதை 10 கிலோமீட்டர் வரைக்கும், இடையில் ஓர் அஞ்சல் நிலையம் வைத்தால் 25 கிலோமீட்டர் வரைக்கும் நீட்டினார்கள். மதுரை மாவட்டம் மேலூர்ப் பகுதியில் கிராம இணைய மையங்கள் இதன் வழியே இயங்கின. உள்ளூர் அறிவு, உலகத் தரநிலை இரண்டும் கைகோத்த அருமையான சிந்தனை அது. ஆனாலும் நிலையான இணைப்புக்கான கருவி என்பதாலும், கைப்பேசிகள் கோடிக்கணக்கில் உற்பத்தியாகி விலை சரிந்ததாலும் கார்டெக்ட் நீடிக்க முடியவில்லை. எண்ணிக்கைக்கு முன்னால் நல்ல பொறியியலும் தோற்கும் என்பது கசப்பான உண்மை.

இந்த அனுபவம் வீணாகவில்லை. அடுத்த தலைமுறையினர் கருவியை மட்டும் செய்யாமல், தரநிலை எழுதப்படும் இடத்துக்கே போனார்கள். இந்தியாவின் தரநிலை அமைப்பான டிஎஸ்டிஎஸ்ஐ, உலகக் கைப்பேசித் தரநிலைகளை எழுதும் 3ஜிபிபி கூட்டமைப்பின் ஏழு பங்காளர்களில் ஒன்று. 2017-ல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 5ஜி மதிப்பீட்டு விதிகளை எழுதியபோது, அந்த வரைவில் இருந்த கிராமம் மேற்கத்தியக் கிராமம்: கோபுரத்துக்குக் கோபுரம் 1,732 மீட்டர், பயனாளி மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் காரில் போகிறார். நம் நிலைமை வேறு என்று இந்தியா வாதிட்டது. இங்கே கண்ணாடி இழைக் கேபிள் ஊராட்சி அலுவலகம் வரை வருகிறது. அங்கே நடும் ஒரு கோபுரம் சுற்றிலும் 3 கிலோமீட்டரில் இருக்கும் சிற்றூர்களை எட்ட வேண்டும். ஆகவே கோபுர இடைவெளி 6,000 மீட்டர். பயனாளி மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் நடந்து போகிறார். இந்த ‘குறைந்த நகர்வு, பெரிய பரப்பு’ நிலைமையும் எல்லாத் தொழில்நுட்பங்களும் தேறியாக வேண்டிய சோதனைகளில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. நம் ஊரின் நடைவேகம் உலக விதிப்புத்தகத்தில் ஏறிய தருணம் அது. இன்னும் பெரிதாகப் பேசப்பட்டிருக்க வேண்டிய சாதனை என்றே கருதுகிறேன்.

அதைத் தொடர்ந்து, ஹைதராபாத் ஐஐடி, சென்னை ஐஐடி, அதன் வளாகத்தில் பிறந்த கம்பியில்லாத் தொழில்நுட்ப மையம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் 5ஜிஐ என்ற இந்திய முறையை உருவாக்கினார்கள். அதன் உயிர்நாடி, கைப்பேசியிலிருந்து கோபுரத்துக்குத் திரும்பும் அலை. கோபுரம் உரக்கப் பேசும். கைப்பேசி சன்னமாகத்தான் பேச முடியும். தொலைவில் உள்ள ஊரில் இணைப்பு அறுவது பெரும்பாலும் கைப்பேசியின் குரல் எட்டாமல்தான். அலையின் வடிவைச் சீராக்கி, அதே மின்பெருக்கியிலிருந்து கூடுதல் வலுவைக் கறந்துகொள்வது இவர்கள் கண்ட வழி. 2021 பிப்ரவரியில் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 5ஜிஐ-யை 5ஜி தரநிலைகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

அங்கிருந்து இரண்டு பாதைகள் பிரிந்தன. இந்தியா மட்டும் 5ஜிஐ-யைக் கட்டாயமாக்கினால், இந்தியச் சந்தைக்கென்று தனிச் சில்லு, தனிக் கைப்பேசி, தனிக் கோபுரக் கருவி வேண்டும். அலைபேசி நிறுவனங்களும் கருவி உற்பத்தியாளர்களும் கடுமையாக எதிர்த்தார்கள். இலங்கையிலிருந்தோ நேபாளத்திலிருந்தோ வருபவரின் கைப்பேசியில் இந்தியாவின் அந்தச் சிறப்பு வேலை செய்யாது. இந்தியக் கருவியை அங்கே விற்பதும் கடினம். 2021 டிசம்பரில் இணக்கம் ஏற்பட்டு, 5ஜிஐ-யின் கூறுகள் 3ஜிபிபியின் 17-வது வெளியீட்டில் இணைக்கப்பட்டன. 2022-ல் அந்த வெளியீடு முடிவானது. தேசப் பெருமைக்கு இழுக்கு என்று சிலர் வருந்தினார்கள். என் கணிப்பில் இந்தியத் தொலைத்தொடர்பு எடுத்த மிகச் சரியான முடிவுகளில் இது ஒன்று. எம்.ஏ.ஆர்.ஆர். கருவியின் கதியை 5ஜிஐ அடையாமல் தப்பியது இதனால்தான்.

சுயசார்பும் தனித் தரநிலையும் ஒன்றே என்று குழப்பிக்கொள்ளக் கூடாது. 2025 செப்டம்பர் 27 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பிஎஸ்என்எல் 4ஜி கட்டமைப்பில் மையக் கருவி சி-டாட் செய்தது, கோபுர ரேடியோ தேஜஸ் நெட்வொர்க்ஸ் செய்தது, ஒருங்கிணைத்தது டிசிஎஸ். 97,500-க்கும் மேற்பட்ட கோபுரங்கள். செய்தது இங்கே, பின்பற்றியது 3ஜிபிபி தரநிலை. அதனால்தான் எந்த நாட்டுக் கைப்பேசியும் அதில் வேலை செய்கிறது.

700 மெகாஹெர்ட்ஸ் என்ற பாடம்

அண்டை நாடுகள் சேர்ந்து செய்த ஒத்திசைவுக்கு ஆசியா தந்த சிறந்த எடுத்துக்காட்டு 700 மெகாஹெர்ட்ஸ் பட்டை. அனலாக் தொலைக்காட்சி விலகியதால் கிடைத்த இடம் இது. இந்த அலையின் நீளம் ஏறத்தாழ 43 சென்டிமீட்டர். 5ஜி பெரிதும் பயன்படுத்தும் 3,500 மெகாஹெர்ட்ஸ் அலைக்கோ 9 சென்டிமீட்டருக்கும் குறைவு. நீண்ட அலை மேட்டின் முகட்டைச் சுற்றிக் கொஞ்சம் வளைந்து இறங்கும். இலைகளிடையே குறைவாக இழக்கும். கொல்லிமலைபோன்ற நிலத்துக்கு மிகப் பொருத்தமான பட்டை இது. அமெரிக்கா இந்த இடத்தைத் துண்டுதுண்டாக வெட்டிக்கொண்டிருந்தபோது, ஆசிய-பசிபிக் தொலைத்தொடர்புச் சமூகத்தின் நாடுகள் 2010-ல் கூடி, கைப்பேசி பேச 703 முதல் 748 வரை, கோபுரம் பேச 758 முதல் 803 வரை என்று இரண்டு நீண்ட துண்டுகளாகப் பிரிக்க ஒப்புக்கொண்டன. லத்தீன் அமெரிக்காவின் பெரும்பகுதி பிறகு இதையே எடுத்துக்கொண்டது. சந்தை பெருகியதும் சில்லுகளில் இப்பட்டை இடம்பிடித்தது. இன்று நடுத்தர விலைக் கைப்பேசிகளிலும் இருக்கிறது.

இத்தனை நல்ல ஒத்திசைவு கொல்லிமலைக்கு என்ன தந்தது? நீண்டகாலம் எதுவும் தரவில்லை. 2016 ஏலத்தில் இந்திய அரசு நாடு முழுவதற்கும் ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு 11,485 கோடி ரூபாய் என அடிப்படை விலை வைத்தது, ஒருவரும் கேட்கவில்லை. 2021-லும் அப்படியே. விலையைக் குறைத்த பிறகு, 2022-ல்தான் ஜியோ 10 மெகாஹெர்ட்ஸை வாங்கியது. அண்டை நாடுகளோடு தரநிலையை ஒத்திசைத்து 12 ஆண்டுகள், அந்த அலை இந்தியக் கைப்பேசிச் சேவைக்கு வராமலே கிடந்தது. தரநிலை ஒத்திசைவு அவசியம். அது மட்டும் போதாது. கருவூலத்தின் கணக்கு மலையின் கணக்கைத் தோற்கடிக்க விட்டால், எத்தனை மாநாடு கூட்டியும் பயனில்லை.

ஒரே பெட்டி, எத்தனை சோதனை

தரநிலை ஒன்றாக இருந்தாலும், கருவி அதற்கு இணங்குகிறதா என்று சோதித்துச் சான்றளிப்பது ஒவ்வொரு நாட்டின் வேலை. இந்தியாவில் 2017 செப்டம்பரில் தந்தி விதிகளைத் திருத்தி, தொலைத்தொடர்புக் கருவிகளுக்குக் கட்டாயச் சோதனையும் சான்றிதழும் கொண்டுவந்தார்கள். பலமுறை தள்ளிப்போய், முதல் கட்டம் 2019 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. புதுதில்லியில் உள்ள தொலைத்தொடர்புப் பொறியியல் மையம் இதை நடத்துகிறது. மின்பாதுகாப்பு, மின்காந்தக் குறுக்கீடு, ரேடியோ பண்புகள், இடைமுகங்கள் எனத் தலைப்புவாரியாகச் சோதனை. சென்னை தரமணியில் உள்ள சமீர் மையம்போன்ற ஆய்வகங்கள் மின்காந்தச் சோதனையில் பல ஆண்டு அனுபவம் உடையவை. அலைவரிசைக்கான வகை ஒப்புதல் வேறு பிரிவிடம்.

அதே பெட்டி கொழும்புக்குப் போனால், 1991-ன் 25-ம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் இலங்கைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணைக்குழுவின் வகை ஒப்புதல் வேண்டும். காத்மாண்டுவுக்குப் போனால் நேபாளத் தொலைத்தொடர்பு ஆணையம். டாக்காவிலும் திம்புவிலும் அதனதன் அமைப்பு. மின்சாரம் தாக்காது என்று தரமணியில் நிரூபித்த பெட்டி கொழும்பில் மட்டும் தாக்கிவிடாது. சென்னைக்கருகே ஒரகடத்தில் தயாராகும் கருவிகள் பல நாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன. பாக் நீரிணையைத் தாண்டும்போதும் அவை மறுபடி வரிசையில் நிற்கின்றன. பெரிய நிறுவனத்துக்கு இது ஒரு செலவு, அவ்வளவே. மலைப்பகுதிக்கென்று சிறிய, குறைந்த மின்சாரம் இழுக்கும் கருவி ஒன்றைச் செய்ய நினைக்கும் கோயம்புத்தூர் அல்லது ஓசூர் சிறுதொழில்முனைவோருக்கு இதுவே வாசலடைப்பு. அவர் விற்கப்போவது சில நூறு கருவிகள். ஒவ்வொரு நாட்டுச் சான்றுக்கும் தனித்தனிச் செலவு.

தீர்வு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஆசிய-பசிபிக் பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பான ஏபெக்கின் நாடுகள் 1998-லேயே தொலைத்தொடர்புக் கருவிகளுக்குப் பரஸ்பர ஏற்பு ஏற்பாட்டை உருவாக்கின. முதல் கட்டத்தில் ஒருவர் ஆய்வக அறிக்கையை மற்றவர் ஏற்பது, இரண்டாம் கட்டத்தில் சான்றிதழையே ஏற்பது. இந்தியாவும் சிங்கப்பூருடன் 2005-ல் செய்த விரிவான பொருளாதார உடன்பாட்டில் தொலைத்தொடர்புக் கருவிகளின் பரஸ்பர ஏற்புக்கு இடம் வைத்தது. 1998-ல் இலங்கையுடன் செய்த தடையற்ற வணிக உடன்பாட்டில் அப்படியொன்று இல்லை. அது சுங்க வரிகளைக் குறைப்பது பற்றியது. தூரத்துச் சிங்கப்பூருக்குக் கிட்டிய வசதி பக்கத்து இலங்கைக்குக் கிட்டாமலிருப்பது நியாயமில்லை.

சார்க் அமைப்பு இதை உணராமல் இல்லை. 2011 நவம்பரில் மாலத்தீவின் அட்டு நகரில் நடந்த உச்சிமாநாட்டில் இணக்கச் சோதனைகளைப் பரஸ்பரம் ஏற்கும் ஏற்பாடும், வட்டாரத் தரநிலைகளைச் செயல்படுத்தும் உடன்பாடும் கையெழுத்தாயின. டாக்காவில் தெற்காசியத் தரநிலை அமைப்பு நிறுவப்பட்டது. அதன் பணி பெரும்பாலும் உணவுப்பொருள், சணல், துணிபோன்றவற்றைச் சுற்றியே வளர்ந்தது. 2014 காத்மாண்டு மாநாட்டுக்குப் பிறகு சார்க் உச்சிமாநாடே கூடவில்லை. நல்வாய்ப்பாக இன்னொரு மேடை உயிரோடு இருக்கிறது: ஆசிய-பசிபிக் தொலைத்தொடர்புச் சமூகத்தின்கீழ் 1997 முதல் இயங்கும் தெற்காசியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறையாளர் மன்றம். இந்தியா, இலங்கை, நேபாளம், பூட்டான், வங்கதேசம், மாலத்தீவு, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான் என ஒன்பது நாடுகள். அரசியல் தலைவர்கள் கூடாத காலத்திலும் பொறியாளர்கள் கூடும் இடம் அது. அதைத்தான் பற்றிக்கொள்ள வேண்டும்.

ஒரு தடையை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2021 ஜூன் 15 முதல் இந்தியாவில் நம்பகமான மூலங்களிலிருந்து வரும் கருவிகளை மட்டுமே புதிதாக இணைக்கலாம் என்ற பாதுகாப்பு ஆணை நடைமுறையில் இருக்கிறது. இலங்கையிலும் நேபாளத்திலும் சீன நிறுவனங்களின் கருவிகள் பரவலாக உள்ளன. ஒரே 3ஜிபிபி தரநிலை. ஆனால் யார் செய்த பெட்டி என்பதில் ஒரே மனம் இல்லை. இது புவிசார் அரசியல்; தரநிலைக் குழுவால் தீர்க்க இயலாது. ஆகவே பாதுகாப்புச் சோதனையை ஒவ்வொரு நாடும் தன் கையிலேயே வைத்துக்கொள்ளட்டும். மின்பாதுகாப்பு, மின்காந்தக் குறுக்கீடு, ரேடியோ அளவீடு ஆகிய மூன்றின் அறிக்கைகளையாவது பரஸ்பரம் ஏற்கலாம். இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டினால் எதுவும் நகராது.

மலைக்கான சோதனையை எழுதுதல்

இலங்கையின் மலையகத்தை நினைத்துப் பாருங்கள். ஹட்டன், நுவரெலியாவைச் சுற்றித் தேயிலைச் சரிவுகள், சரிவுகளின் மடிப்புகளில் தோட்டக் குடியிருப்புகள், அங்கே தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். நிலத்தின் வடிவில் கொல்லிமலைக்கு உடன்பிறப்பு. பெருந்தொற்றுக் காலத்தில் இலங்கையின் உட்பகுதி மாணவர்கள் சிக்னல் தேடிப் பாறைமேலும் மரத்தின்மேலும் ஏறிய செய்தி உலகெங்கும் போயிற்று. 2021-ல் அந்நாட்டு ஆணைக்குழு ‘கமட்ட சன்னிவேதனய’ என்ற திட்டத்தை மலை சூழ்ந்த இரத்தினபுரி மாவட்டத்தில் தொடங்கியது. இந்தியாவில் 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை, சேவை எட்டாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுசெல்ல 26,316 கோடி ரூபாய் ஒதுக்கியது. நேபாளமும் பூட்டானும் பெரும்பாலும் மலைநாடுகள். நான்கு நாடுகளும் ஒரே தடையோடு மல்லுக்கட்டுகின்றன; நான்கும் தத்தமக்குச் செலவழித்து, சமநிலத்துக்காக வடிவமைத்த கருவிகளை மலைமேல் ஏற்றிக்கொண்டிருக்கின்றன.

இணைப்பு இல்லாத ஊருக்கு இன்று நேரும் இழப்பு முன்பு இருந்ததல்ல. ரேஷன் கடையின் விற்பனைக் கருவி, 108 அழைப்பு, மிளகின் அன்றைய விலை, பிள்ளையின் கல்லூரி விண்ணப்பம் எல்லாம் சிக்னலை நம்பியிருக்கின்றன. ஊரக வேலை உறுதித் திட்டத்தின் வருகைப்பதிவே 2023 ஜனவரி 1 முதல் கைப்பேசிச் செயலிக்கு மாற்றப்பட்டது.

ஆறாம் தலைமுறைக்கான வாசல் இப்போது திறந்திருக்கிறது. 2023 நவம்பரில் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஏற்ற 2030-க்கான சட்டகத்தின் ஆறு பயன்பாட்டு நிலைகளில் ‘எங்கும் நிறை இணைப்பு’ ஒன்று. ஆனால் எங்கும் என்பதற்குள் மலை அடங்கும் என்று யாரும் தாமாகக் கொள்ளப்போவதில்லை. முகட்டின் உயரம், சரிவின் கோணம், இலையடர்த்தியும் பருவத்தின் ஈரமும், கேபிள் வந்து முடியும் இடத்திலிருந்து கடைசிச் சிற்றூர் எவ்வளவு தாழ்வில் இருக்கிறது என்பதெல்லாம் எண்களாக எழுதப்பட வேண்டும். 6,000 மீட்டர் என்ற எண்ணை இந்தியா எழுதவைத்ததுபோல, இவற்றையும் எழுதவைக்கலாம். அன்று இந்தியா ஒரு குரலாய்ப் பேசியது. தெற்காசிய மலைநாடுகள் கூடிப் பேசினால் சந்தையின் அளவும் சேரும். உற்பத்தியாளருக்குக் காது கேட்கும்.

இதற்கு அளவீடு வேண்டும்; வெறும் கோரிக்கை போதாது. கொல்லிமலையை அதற்கான களமாக ஆக்கலாம் என்பது என் முன்மொழிவு. சமவெளியிலிருந்து சட்டென்று எழும் மலை, சாலை வசதி, காப்பித் தோட்டமும் காடும் வயலும் அருகருகே, 14 ஊராட்சிகள், சேலத்திலும் நாமக்கல்லிலும் திருச்சியிலும் பொறியியல் கல்லூரிகள். காரவள்ளியிலிருந்து ஒவ்வொரு வளைவிலும், ஒவ்வொரு ஊராட்சியின் பள்ளத்திலும், கோடையிலும் ஐப்பசி மழையிலும் 700 மெகாஹெர்ட்ஸ் முதல் 3,500 வரை அலையின் இழப்பை அளந்து வெளியிட மாணவர்களால் முடியும். அதே நெறிமுறையில் பேராதனைப் பல்கலைக்கழகம் மலையகத்தில் அளக்கட்டும். காத்மாண்டுவும் திம்புவும் தம் மலைகளில் அளக்கட்டும். ஒரே முறையில் அளந்த நான்கு நாட்டுத் தரவு மேசைக்கு வந்தால் அதை ஒதுக்கித் தள்ளுவது எளிதல்ல.

காலம் குறைவு. 2030 தொழில்நுட்பங்களுக்கான செயல்திறன் தேவைகளும் மதிப்பீட்டு விதிகளும் 2026-க்குள் முடிவாக வேண்டும் என்பது ஒன்றியத்தின் அட்டவணை. தொழில்நுட்பங்களை முன்வைக்கும் காலம் 2027 முதல் 2029 தொடக்கம் வரை. விதிகளில் மலைக்கு இடம் பிடிக்கத் தவறினாலும், அந்த இரண்டாண்டுகளில் 3ஜிபிபியின் உள்ளே மலைநில மாதிரியைச் சேர்க்க வழி உண்டு. தொலைத்தொடர்புப் பொறியியல் மையமும், டிஎஸ்டிஎஸ்ஐயும், இலங்கை ஆணைக்குழுவும் தெற்காசிய ஒழுங்குமுறையாளர் மன்றத்தின் அடுத்த கூட்டத்திலேயே இதை நிகழ்ச்சி நிரலில் வைக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகள் அதற்காகக் காத்திராமல் இந்த ஆண்டே அளக்கத் தொடங்கலாம்.